ருசி பார்க்காத மாஸ்டர்

நம் பள்ளிக்கூட செட்டில் யாருக்கெல்லாம் இன்னும் ஃபிரைட் ரைஸ் செரிக்கிறது? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். எனக்கு முப்பத்து நாலு முடிந்துவிட்டது. போன மாதம் டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு, உப்பைக் குறை என்றார். உப்பு விளைகிற மரக்காணத்துக்காரியிடம் போய் உப்பைக் குறைக்கச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர்க்கடையில் ஒருவன் கடாயைக் கரண்டியால் தட்டித் தட்டிச் சோற்றைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்கு ஆகாது. ஏன் என்று சொல்கிறேன். உங்களில் பாதிப் பேர் அந்த ஈ.சி.ஆர். கடையில் சாப்பிட்டவர்கள். மீதிப் பேர், கடையை அடித்து நொறுக்கிய அன்று நின்று வேடிக்கை பார்த்தவர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்ததற்கு அடுத்த வருஷம் அது. நாம் எட்டாவது. அந்த வருஷம் முக்கால்வாசி வரைக்கும் எங்கள் வீட்டில் மீன் வாங்கவில்லை. உங்கள் வீட்டிலும் வாங்கியிருக்க மாட்டார்கள். கடலில் போனவர்களை மீன் தின்றிருக்கும் என்று பேச்சு. அனுமந்தையிலிருந்து கூடை தூக்கி வருகிற அம்மாக்கள் தெருமுனையில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தலையில் இருந்த கூடையை இறக்காமலே திரும்பிப் போவார்கள். எங்கள் அப்பா மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காதவர். முதல் மூன்று மாதம் கருவாட்டைக்கூடத் தொடாமல் கத்திரிக்காயும் முருங்கைக்காயுமாகத் தின்று, நாக்கு செத்துப்போச்சு என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில்தான் உப்பளத்துக்கு எதிரே ரோட்டோரமாகக் கடை வந்தது. கீற்றுக் கொட்டகை, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, வாசலில் காகிதத்தில் செய்த இரண்டு சிவப்பு விளக்கு. விளக்கு ஒரு வாரத்தில் கடற்காற்றில் கிழிந்து கம்பி மட்டும் தொங்கியது. உள்ளே ஒரு பக்கம் நெருப்பைக் கக்கும் டிராகன் படம், பக்கத்திலேயே முருகர் படம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊதுபத்தி. கடைக்காரர் ஆரோவில் பக்கம் ஏதோ ஒரு சமையல்கட்டில் பாத்திரம் கழுவி, காய் நறுக்கி, மேலே வந்தவர். சமைக்கிறவரை மட்டும் பாண்டியிலிருந்து கூட்டி வந்திருந்தார். மலைப் பக்கத்து ஆள். நேபாளமோ, டார்ஜிலிங்கோ, நாம் யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

முழுப்பரீட்சை லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா எங்களைக் கூட்டிப் போனார். அப்பா, அம்மா, நான், அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. முப்பத்தொரு வயது. ஒருமுறை தாம்பூலம் மாற்றியபிறகு மாப்பிள்ளை வீட்டில் சாவு விழுந்து, அந்தச் சம்பந்தம் நின்றுபோய், அதற்குப் பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை. எங்களோடுதான் இருந்தாள். அளத்தில் உப்புக் கூடை சுமந்தாள். என் தலையைப் பின்னியது, எனக்குப் பாடம் கேட்டது, இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்தது எல்லாம் அவளோடுதான். அம்மாவைவிட அவள்தான் எனக்கு நெருக்கம் என்று சொல்லியிருந்தால்கூட அம்மா கோபித்திருக்க மாட்டாள். அவளுக்கே தெரியும்.

முதலில் சூப் வந்தது. அப்பா கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். சோறு வந்ததும் அந்தச் சூப்பை அப்படியே சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். அம்மாவும் ஊற்றினாள், நானும் ஊற்றினேன். குழம்பில்லாமல் எப்படிச் சோறு தின்பது? சுற்றிலும் எல்லா மேஜையிலும் அதே கதைதான். மாஸ்டர் அடுப்புக்குப் பின்னாலிருந்து எங்களைப் பார்த்தபடி நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கொஞ்ச நாளில் அவரே எங்கள் வழிக்கு வந்து, ஃபிரைட் ரைஸோடு காரமாக, சிவப்பாக ஒரு குழம்பு ஊற்ற ஆரம்பித்தார். அன்று அத்தை மட்டும் சூப்பைச் சூப்பாகக் குடித்தாள். ஸ்பூனை எடுத்து மெதுவாகச் சோற்றைத் தின்றாள். மாஸ்டர் அவள் தட்டுக்கு ஒரு கரண்டி கூடப் போட்டார்.

அவர் சமைப்பதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். ஒரே கையால் முட்டையை உடைப்பார். கரண்டியின் நுனியால் உப்பைத் தொட்டு, மிளகுத் தூளைத் தொட்டு, ருசிக்குச் சேர்க்கும் அந்த இன்னொரு வெள்ளைத் தூளைத் தொட்டு, கடாயில் தட்டுவார். ஒரு தரம்கூட வாயில் வைத்துப் பார்க்க மாட்டார். அது அவருக்குப் பெருமை. கையே சொல்லும் என்பார். எங்களுக்கு அது ஆச்சரியம். நம் ஊரில் உப்பை நாக்கில் வைக்காமல் யார் நம்புவார்கள்? அளத்துப் பெண்கள் ஒரு கல் உப்பை நாக்கு நுனியில் வைத்தால் எந்தப் பாத்தி, எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவார்கள். உப்பு விஷயத்தில் அவர்கள் சொல்வதற்கு மேல் பேச்சு கிடையாது. முதலாளிகூட எதிர்த்துப் பேச மாட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா மேஜையில் இருந்த உப்பைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இன்னாப்பா இது, பாக்கெட் உப்பு? அளத்துக்கு எதிர்ல கடைய போட்டுக்கினு பாக்கெட்ல வாங்கறீங்களே, வெக்கமா இல்ல?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, அப்போ நீயே கொடுண்ணா என்றார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கும் அளத்தில்தான் வேலை. அங்கே வேலை செய்கிறவர்கள் தங்கள் பங்கென்று கொஞ்சம் உப்பு வீட்டுக்கு எடுத்துப்போவதை முதலாளி கண்டுகொள்ள மாட்டார். அந்த உப்பில் மாதம் ஒரு மூட்டை கடைக்குப் போகும். உப்பைக் கைக்குக் கை தரக் கூடாது, சண்டை வரும் என்று அப்பா மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து நிற்பார். பதிலுக்கு வெள்ளித் தாளில் கட்டிய இரண்டு நூடுல்ஸ் பொட்டலம் வீட்டுக்கு வரும். என் உப்பு போட்டதுக்கப்புறம்தான் அந்தக் கடையில வாசனையே வந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனி மாதம் அத்தை அந்தக் கடைக்கே வேலைக்குப் போனாள். கோஸ், கேரட், பீன்ஸ் நறுக்கும் வேலை. தலையில் உப்புக் கூடை இல்லை, காலில் வெடிப்பு இல்லை. சாயங்காலம் வரும்போது அவள் மேல் சோயா சாஸும் பூண்டும் கலந்த வாசனை அடிக்கும். நன்றாகச் சிரித்தாள். முன்பு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை என்று சொன்னால் மிகைதான், ஆனால் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. மாஸ்டர் ஊரில் மேகம் வீட்டு வாசலுக்கு வந்துவிடுமாம், அவர் அம்மா ஏதோ கீரையைப் புளிக்க வைத்துக் காய வைப்பாளாம் என்று பாயில் படுத்துக்கொண்டு சொல்வாள். எனக்கு அந்தக் கதைகள் பிடிக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். தலையைப் படிய வாரி, புதுச் சட்டை போட்டு, கையில் வெற்றிலை, பாக்கு, பழம். யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார். நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார், ஆனால் சுத்தமாகப் பேசினார்.

"அண்ணா, ஊருக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன். இங்கயே இருக்கறேன். உங்க பக்கத்துலயே இருக்கறோம்."

அப்பா கத்தவில்லை. உட்காரச் சொல்லி மோர் கொடுக்கச் சொன்னார். மழை வரட்டும் மாஸ்டர், அளத்து வேலை முடியட்டும், பேசலாம் என்றார். மாஸ்டர் கும்பிட்டுவிட்டுப் போனார். அத்தை சமையல்கட்டில் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கல்யாணத்துக்குப் போய்விட்டேன், எந்தப் பெண்ணின் முகத்திலும் அது இல்லை.

அவர் போனபிறகு அம்மா மட்டும் சொன்னாள், எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க, ஒரு நாள் மலைக்குக் கூட்டினு போய்டுவாரு, அப்புறம் முகத்தைக்கூடப் பாக்க முடியாது என்று. அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் அதை அப்படியே நம்பினேன்.

புரட்டாசி கடைசியில் அளத்து முதலாளி தன் பையனின் பிறந்தநாளுக்குக் கடையில் சாப்பாடு சொன்னார். ஐம்பது அறுபது பேர். பாதி அளத்துக் குடும்பங்கள், பாதி பிரம்மதேசத்துச் சொந்தக்காரர்கள். கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மூட்டை உப்பு சேர்த்துக் கொண்டு வாண்ணா என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினார். அப்பா என்னையும் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு அளத்துக்குப் போனார்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வெளியூரில் பிறந்த உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வருஷக் கடைசியில் பாத்தியில் மிஞ்சுகிற தண்ணீர் கசந்துவிடும். அதை வடிக்காமல் வாருகிற உப்பு மங்கலாக, சாம்பல் பூத்து, எவ்வளவு காய வைத்தாலும் ஈரம் போகாமல் கிடக்கும். தோல் பதனிடுகிறவர்கள் வாங்குவார்கள், தென்னை மரத்தடியில் கொட்டுவார்கள். சோற்றில் போட்டால் கசக்கும், வயிற்றைப் பிடுங்கும். அதை வாய்க்கால் ஓரமாகத் தனியாகக் குவித்திருப்பார்கள். நல்ல உப்பு மேட்டில், கீற்று மூடி இருக்கும். நம் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் எது எந்தக் குவியல் என்று தெரியும்.

அப்பா நேராக வாய்க்கால் ஓரத்துக்குப் போனார். மூட்டையைக் கிட்டத்தட்ட முழுக்க அந்த உப்பால் நிரப்பினார். பிறகு மேட்டுக்குப் போய், கீற்றை விலக்கி, வெள்ளை உப்பை ஒரு கை அள்ளி மேலாகப் போட்டு மூட்டையின் வாயைக் கட்டினார்.

நான் கேட்டேன். கேட்காமல் இல்லை. அப்பா, அது கசப்பு உப்பாச்சே என்றேன். அவர் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார்:

"அத்தை போய்ட்டா உன் தலைய யார் பின்னுவா? வாய மூடிக்கினு சைக்கிள புடி."

நான் சைக்கிளைப் பிடித்தேன்.

பிறந்தநாள் காலையில் முதலாளி வீட்டில் பலூன் கட்ட ஆள் வேண்டும் என்று அப்பா அத்தையை அங்கே அனுப்பிவிட்டார். அவள் கடைக்கு வரும்போது பந்தி ஆரம்பித்திருந்தது. சோறு விடியற்காலையிலேயே உப்புப் போட்டு வெந்து, ஆறி, கடாய்க்கும் போய்விட்டது. கோழி அந்த உப்பில் ஊறிவிட்டது. சூப்பிலும் அதே உப்பு. லேசாகத் தூறிக்கொண்டிருந்ததால் உப்பு ஈரமாக இருந்ததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மாஸ்டர் வழக்கம்போல வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

முதலில் பிள்ளைகள் துப்பின. பிறகு பிரம்மதேசத்துப் பெரியவர் ஒருவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறந்தநாள் பையன் புதுச் சட்டையிலேயே வாந்தி எடுத்தான். அவன் அம்மா போட்ட சத்தத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அப்புறம் ஆளாளுக்கு வாய். நாய்க்கறி என்றார்கள், பல்லி என்றார்கள். ஒருவன் அடுப்புப் பக்கம் போய் அந்த வெள்ளைத் தூள் பாக்கெட்டைத் தூக்கி வந்து, இதுதான் விஷம் என்று காட்டினான். கடைக்காரர் தன் தலை தப்பினால் போதுமென்று, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அவன் இன்னா போடறான்னு எனக்கே சொல்ல மாட்டான் என்றார். அத்தனை மாதம் மாஸ்டர், மாஸ்டர் என்றவர் அந்த ஒரு நிமிஷத்தில் அவன் என்று மாற்றிவிட்டார்.

இதை நான் ரொம்ப யோசித்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் உப்பில் பிறந்து உப்பில் வளர்ந்தவர்கள். கசப்பு உப்பு என்று ஒரு நாக்குக்குக்கூடவா தெரியவில்லை? கஞ்சியில் போட்டிருந்தால் முதல் வாயிலேயே சொல்லியிருப்பார்கள். இது தெரியாத சாப்பாடு, தெரியாத ஆள் செய்தது. தெரிந்த கசப்பை அதில் யாரும் தேடவில்லை. சிலருக்குத் தெரிந்தும் இருக்கலாம். யாரையும் பெயர் சொல்லிக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

சட்டையைப் பிடித்தார்கள். கன்னத்தில் இரண்டு அடி விழுந்தது. மாஸ்டர் கையை ஓங்கவில்லை. கீழே கிடந்த ஒரு தட்டிலிருந்து சோற்றை எடுத்து வாயில் போட்டார். அப்புறம் அடுப்படிக்குப் போய் உப்பு டின்னைத் திறந்து ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தார். அவர் ருசி பார்த்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அத்தையிடம் வந்தார்.

"நீ சொன்னா நம்புவாங்க. இது இன்னா உப்புன்னு சொல்லு."

கூட்டம் அடங்கிவிட்டது. உப்பைப் பற்றி அளத்துப் பெண்ணிடம் கேட்டாயிற்று, இனி அவள் சொல்வதுதான். அத்தை ஒரு கிள்ளு எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். அப்பா முதலாளிக்குப் பக்கத்தில், துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அத்தை அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் என்னையே எதற்குப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"உப்பு நல்லாத்தான் இருக்கு."

மாஸ்டர் டின்னைக் கீழே வைத்தார். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து மடித்து மேஜையில் வைத்தார். நாற்காலிகளை உடைத்தார்கள், டிராகன் படத்தைக் கிழித்தார்கள், முருகர் படத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். மூன்று மணி வாக்கில் இரண்டு பேர் அவரைப் பாண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னார்கள். அதற்குமேல் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை.

அத்தை மறுவருஷம் தையில் மறுபடியும் கூடை தூக்கினாள். சமைத்தாள், அப்பாவுக்கும் சேர்த்துத்தான் பரிமாறினாள். ஆனால் அண்ணா என்று அவரைக் கூப்பிடவில்லை. சோறு போட்டாச்சுன்னு சொல்லு என்று என்னிடம் சொல்வாள். நான் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்வாள். ஒருமுறை அப்பா குடும்ப மானம் என்று ஏதோ பேச்சை எடுத்தபோது அம்மா எழுந்து நின்று, நீ சோத்துல உப்பு போட்டுத்தானே தின்ற என்று ஒரே கேள்வி கேட்டாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. தங்கைக்கு நல்லது செய்ததாகவே நினைத்திருந்தார். கடைக்காரர் திட்டுவார், ஆளை மாற்றுவார், அவ்வளவுதான் என்று நினைத்திருப்பார். அவர் நினைத்ததற்கு மேலே போய்விட்டது. அதுதான் நான் அவருக்காகச் சொல்லக்கூடிய அதிகபட்சம்.

போன வருஷம் அப்பா போய்விட்டார். காரியம் முடிந்து பத்து நாள் கழித்துத் துணி எடுக்க அத்தையைப் பாண்டிக்குக் கூட்டிப் போனேன். மத்தியானம் பசித்தது. ஏ.சி. போட்ட ஒரு சைனீஸ் ஹோட்டல் எதிரே இருந்தது. வேறு இடம் பார்க்கலாமா என்று நான் தயங்கினேன். அவள் பாட்டுக்கு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். ஐம்பது தாண்டிய பெண். சூப் வந்தது, குடித்தாள். அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. இருபது வருஷமாகப் புருஷனிடம்கூடச் சொல்லாததை அங்கே சொன்னேன். அளத்துக்கு நானும் போனேன், அப்பா எந்தக் குவியலில் அள்ளினார் என்று பார்த்தேன், மேலே வெள்ளை உப்பைப் போட்டதையும் பார்த்தேன் என்றேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

அத்தை பேப்பரை எடுத்து வாயைத் துடைத்தாள்.

"தெரியும். எல்லாருமே ஒரு வாயாவது வச்சிருந்தாங்க. நீ மட்டும் தட்டத் தொடல."

அப்புறம் ஏன் அத்தை அப்படிச் சொன்னே என்று கேட்டேன்.

"உண்மைய சொல்லியிருந்தா உங்கப்பன அங்கயே அடிச்சிப் போட்டிருப்பாங்க. வேலையும் போயிருக்கும், உன் படிப்பும் போயிருக்கும். என் வாயால சொல்ல முடியல." அவள் குரல் உயரவே இல்லை. "நீ சொல்லிடுவேன்னுதான் உன்னப் பாத்துக்கினே நின்னேன். குழந்த சொன்னா யாரும் அடிக்க மாட்டாங்க. சொல்லிடு, சொல்லிடுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கினே இருந்தேன்."

பில்லை நான் கொடுத்தேன். வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

பதின்மூன்று வயதில் எனக்கு வாய் இல்லாமல் இல்லை. வகுப்பில் என் வாய்க்கு டீச்சர்கள் பயந்தது உங்களுக்கே தெரியும். அத்தை எங்களை விட்டுப் போய்விடக் கூடாது என்று இருந்தது, அவ்வளவுதான். அவள் போகவில்லை. அம்மா போனாள், அப்பா போனார், நானும் கல்யாணமாகி வந்துவிட்டேன். அத்தை மட்டும் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.